சபைக்குத் தெரியாத பாட்டைச் சபையின் பாட்டாக்குவது எப்படி?

பாட்டு எண் சொன்னேன். புத்தகங்கள் புரண்டன. கீபோர்டில் முன்னிசை முடிந்தது. முதல் சரணத்தைக் கொயரில் இருந்த ஐந்தாறு பேர் பாடினோம். இரண்டாவது சரணத்தில் மூன்று குரல். மூன்றாவதில் கீபோர்டும் நானும் மட்டும். சபையில் இருந்தவர்கள் புத்தகத்தை மரியாதையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "ஏன் தம்பி, தெரிஞ்ச பாட்டா நாலு குடுத்தா என்ன?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

அன்று தப்பு பாட்டின் மேல் என்று நினைத்தேன், பிறகு சபையின் மேல் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. முன்பின் கேட்டிராத ஒரு பாட்டை எண் மட்டும் சொல்லி இருநூறு பேர் தலையில் இறக்கினால் யாராக இருந்தாலும் அமைதியாகத்தான் நிற்பார்கள். அந்த அமைதி மறுப்பு இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பாட்டை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு புத்தகத்துக்குள் திருப்பி அனுப்பிவிட்டேன். பல நல்ல பாட்டுகள் தெரியாத பாட்டாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்: ஒரு தடவை பாடி விட்டுவிடுகிறோம்.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். பாட்டுத் தேர்வு உங்கள் கையில் இருந்தால் இது உதவும். நீங்கள் போதகராகவோ கொயர் மாஸ்டராகவோ கீபோர்டு வாசிப்பவராகவோ இருக்கலாம்.

முதல் வேலை: ஒரு நோட்டுப் புத்தகம்

புதுப் பாட்டைத் தேடுவதற்கு முன்னால் பழைய கணக்கைப் பாருங்கள். போன ஒரு வருடத்து ஆராதனை முறைத் தாள்களையோ, திரையில் போட்ட கோப்புகளையோ எடுத்து, எந்த ஞாயிறு எந்தப் பாட்டு என்று எழுதுங்கள். வாரத்துக்கு நான்கு பாட்டு என்றால் வருடத்துக்கு 208 இடம். அந்த இடங்களை எத்தனை பாட்டுகள் நிரப்பியிருக்கின்றன என்று எண்ணும்போதே விஷயம் புரிந்துவிடும். ஒரே பாட்டு ஒன்பது தடவை வந்திருக்கும். புத்தகத்தில் பாதிப் பக்கங்கள் கசங்கக்கூட இல்லை.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, எந்தப் பொருளில் பாட்டே இல்லை என்பது. துதி இருக்கும், நன்றி இருக்கும், கிறிஸ்துமஸ் தாராளமாக இருக்கும். பரமேறுதல், திரித்துவம், ஞானஸ்நானம், படைப்பு, நீதிக்காக ஏங்குவது ஆகியவை காலியாக இருக்கும். எல்லாவற்றையும்விடக் காலியாக இருப்பது புலம்பல். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான். 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றுகூடக் கிடையாது. அதையும் சபை பாடத்தான் எழுதி வைத்தார்கள். நம் சபையில் போன வாரம் ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கும், அந்த வீட்டார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், நாம் கைதட்டிப் பாடிக்கொண்டிருப்போம்.

ஆகவே "புதுசா ஏதாவது பாடலாம்" என்று தொடங்காதீர்கள். எந்த இடம் காலியோ அதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்று தொடங்குங்கள். ஏன் இந்தப் பாட்டு என்று யாராவது கேட்டால் அப்போது உங்களிடம் பதில் இருக்கும்.

மெட்டை மூடி வைத்துவிட்டுச் சொல்லைப் படியுங்கள்

யூடியூபில் கேட்டு, மெட்டு பிடித்துப்போய்ப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது எளிது. அதில்தான் ஏமாறுவோம். முதலில் இசையே இல்லாமல் சொல்லை வாய்விட்டுப் படியுங்கள், ஜெபம் படிப்பதுபோல். கூச்சமில்லாமல் படிக்க முடிகிறதா? ஒரு வரியை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? இரண்டாவது சரணம் முதல் சரணத்தைத் தாண்டி எங்காவது போகிறதா, அல்லது அதையே வேறு எதுகையில் சொல்கிறதா?

இன்னொரு சோதனை தமிழுக்கே உரியது. பாட்டில் வருவது நான், நாம், நாங்கள் இவற்றில் எது? கடவுளைப் பார்த்துப் பேசும் வரியில் "நாங்கள்" வர வேண்டும். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பேசும் வரியில் "நாம்" வர வேண்டும். "நாம் உம்மைத் தொழுகிறோம்" என்றால் கடவுளும் நம்மோடு சேர்ந்து கடவுளைத் தொழுகிறார் என்று ஆகிவிடும். மொழிபெயர்ப்புப் பாட்டுகளில் இது அடிக்கடி நழுவும், ஏனென்றால் மூலமொழிகள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஒரு எழுத்து கூடும் குறையும் என்பதற்காக "நாங்கள்" இருக்க வேண்டிய இடத்தில் "நாம்" போட்டிருப்பார்கள். இதற்காகப் பாட்டையே தள்ளிவிட வேண்டாம். ஆனால் கவனித்துப் படித்தால் பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது தெரிந்துவிடும். பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு என்று மூன்றையும் சொல்லி, அவற்றால் "ஒருவருக்கொருவர்" போதிக்கச் சொல்கிறார். எல்லாப் பாட்டும் மேலே பார்த்துப் பாடுவது அல்ல. பாதிப் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கு.

பழைய சொல் இருந்தால் பயப்படாதீர்கள். "எபெனேசர்" என்று வந்தால் 1 சாமுவேல் 7:12ஐ ஒரு தடவை படித்துக் காட்டினால் போதும். சாமுவேல் ஒரு கல்லை நட்டு, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி, அதற்கு எபெனேசர் என்று பேர் வைத்தான். அதைக் கேட்ட பிள்ளைகள் அந்தச் சொல்லை மறக்க மாட்டார்கள். ஒரு பாட்டில் அப்படி இரண்டு சொல் வரை தாங்கும். ஏழெட்டு வந்தால் அது சபைப் பாட்டு இல்லை, தனியாகப் படித்து ரசிக்க வேண்டிய கவிதை.

உயரம், தாழ்வு

சபை கச்சேரி பாடகர் இல்லை. காலை ஆராதனையில் பாதிப் பேருடைய தொண்டை இன்னும் திறந்திருக்காது. ஒரு கட்டை சுருதியில் வைத்துச் சொன்னால், கீழே மந்தர நி, மேலே தார ரி. இதற்குள் பாட்டு அடங்கினால் எல்லாரும் பாடுவார்கள். மேற்கத்தியக் கணக்கில் நடு ஸிக்கு ஒட்டிக் கீழே இருந்து மேல் டி வரை. தார க ஒரே ஒரு தடவை, அதுவும் படிப்படியாக ஏறி வந்தால் சமாளிப்பார்கள். அங்கேயே நின்று நான்கு சொல் பாடச் சொன்னால் ஆண்கள் முதலில் வாயை மூடுவார்கள்.

புத்தகத்தில் அச்சிட்ட ஸ்கேலிலேயே பாட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான்கு பாகமாகப் பாடப் பழகிய கொயருக்காக எழுதிய பல பாட்டுகளில் மெட்டு மேலேயே உலாவும். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு மூன்று இறக்குங்கள். நான் ஒரு தடவை இறக்க மறந்து, இரண்டாவது வரியிலேயே எனக்குக் குரல் உடைந்து, சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவதுபோல் நடித்தேன். முன் வரிசைப் பிள்ளைகள் நம்பவில்லை.

அளவு: இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்

மேல்நாட்டு மெட்டுகளில் பாடும் பாமாலை வகைப் பாட்டுகளின் தலைப்பில் 8.6.8.6 என்றோ 8.8.8.8 என்றோ எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வரியிலும் எத்தனை அசை (சிலபிள்) என்பதுதான் அது. மெய்யெழுத்தை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணினால் போதும். ஒரே அளவுள்ள பாட்டுகளின் மெட்டுகளை மாற்றிப் போடலாம். தெரியாத பாட்டைக் கற்றுக்கொடுக்க இதைவிடப் பெரிய உதவி கிடையாது: சொல் புதிது, மெட்டு சபைக்கு ஏற்கெனவே தெரிந்தது.

இது பாட்டுக்குச் செய்யும் துரோகம் என்று சிலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 'அமேசிங் கிரேஸ்' பாட்டை ஜான் நியூட்டன் 1779இல் அச்சில் கொண்டுவந்தார். இன்று உலகமே பாடும் 'நியூ பிரிட்டன்' என்ற மெட்டோடு அதை வில்லியம் வாக்கர் சேர்த்தது 1835இல். நடுவில் 56 வருடம். சிலுவைப் பாடு பற்றி பால் கெர்ஹார்ட் 1656இல் எழுதிய ஜெர்மன் பாட்டுக்குரிய மெட்டு, ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் ஒரு காதல் பாட்டுக்குப் போட்டது. இசையமைப்பாளர் பாக் தன்னுடைய 'மத்தேயு பாடுகள்' என்ற இசைப்படைப்பில் அதே மெட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார். சேர்ந்தே பிறந்தவை என்று நாம் நினைக்கும் சொல்லும் மெட்டும் பல சமயம் யாரோ ஒருவர் நடத்தி வைத்த கல்யாணம்தான்.

ஆனால் எண் பொருந்தினால் மட்டும் போதாது. ஒரு சின்னப் பரிசோதனை. "காலை ஒளி தந்தவரே" என்று நானே ஒரு வரி கட்டுகிறேன். எண்ணிப் பாருங்கள்: கா, லை, ஒ, ளி, தந், த, வ, ரே. எட்டு. சரி, இதை 8.6.8.6 அளவில் உள்ள, உங்களுக்குத் தெரிந்த ஒரு மெட்டில் பாடிப் பாருங்கள். இந்த அளவில் உள்ள பெரும்பாலான மெட்டுகள் ஒரு சின்னத் தட்டில் தொடங்கி இரண்டாவது அசையில் அழுத்தும். "கா" வழுக்கிக்கொண்டு போய்விடும், "லை" நீண்டு நிற்கும். "க-லைஇஇ" என்று கேட்கும். இப்போது "இக்காலை வேளை தந்தவர்" என்று மாற்றுங்கள். இதுவும் எட்டுதான். ஆனால் அழுத்தம் விழும் இடங்களில் கா, வே, தந், வர். நெடிலும் ஒற்றடுத்த எழுத்தும் சரியாக உட்கார்ந்துவிட்டன. நாக்கு தடுக்காது.

குறில் நீண்டால் சத்தம் மட்டும் கெடுவதில்லை, பொருளே மாறும். "பலம் தாரும்" என்பது "பாலம் தாரும்" ஆகிவிடும். ஆண்டவரிடம் பாலம் கட்டித்தரச் சொல்லும் சபையைக் கேட்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள், நியாயமாக. "வரும்" என்பது "வாரும்" ஆகிவிட்டால் வாக்குத்தத்தம் விண்ணப்பமாக மாறிவிடும். எனவே இரவல் மெட்டைத் தேர்ந்தெடுத்தால் எல்லாச் சரணங்களையும் முழுதாகப் பாடிப் பாருங்கள். முதல் சரணம் அழகாகப் பொருந்தி, நான்காவது கவிழ்த்துவிடும். கவிழ்க்கும் சரணத்தை விட்டுவிடலாம். ஆனால் சிந்தனை அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இயேசு சிலுவையில் இருக்கும் சரணத்தோடு நிறுத்திவிட்டு உட்காரச் சொன்னால் நன்றாக இருக்காது.

கீர்த்தனை என்றால் வழி வேறு

கீர்த்தனையில் இந்த எண் கணக்கு செல்லாது. அங்கே ராகம், தாளம், பல்லவி. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் எழுதிய கீர்த்தனைகளை அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தொகுத்து அச்சிட்டார். இன்றைய கீர்த்தனைப் புத்தகங்களின் தொடக்கம் அங்கே இருக்கிறது. அந்தப் புத்தகங்களில் சபை ஒருமுறைகூடப் பாடாத கீர்த்தனைகள் ஏராளம். மேலே ராகத்தின் பேர் மட்டும் இருக்கும், மெட்டு யாருக்கும் நினைவில் இருக்காது. சபையில் வயதானவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் அதே ராகம், அதே தாளத்தில் தெரிந்த கீர்த்தனை ஒன்றின் மெட்டு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கீர்த்தனையின் பெரிய வசதி பல்லவி. சபை முதல் வாரமே முழுப் பாட்டையும் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. பல்லவியை மட்டும் அவர்களிடம் கொடுங்கள். அனுபல்லவியும் சரணமும் ஒருவரோ கொயரோ பாடட்டும். நான்கு சரணம் முடிவதற்குள் சபை பல்லவியை ஐந்து தடவை பாடியிருக்கும். புத்தகத்தைப் பார்க்காமல், தாளம் போட்டுக்கொண்டு. சங்கதிகளை, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் அலங்காரங்களை, மட்டும் அடக்கி வாசியுங்கள். பாடுகிறவர் ஒவ்வொரு தடவையும் புதுப் பிருகா போட்டால் சபை எது மெட்டு என்று தெரியாமல் நின்றுவிடும்.

ஆறு வாரம்

நான் இப்போது எந்தப் புதுப் பாட்டுக்கும் ஆறு வாரம் ஒதுக்குகிறேன். முதல் இரண்டு வாரம் சபை பாடாது. ஆராதனைக்கு முன்பும் காணிக்கை நேரத்திலும் கீபோர்டில் மெட்டு மட்டும் ஓடும். யாரும் கவனிப்பதாகத் தெரியாது. காது கவனித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது வாரம் போதகரிடம் சொல்லி, பிரசங்கத்திலோ ஜெபத்திலோ ஒரு சரணத்தைப் படிக்கச் சொல்லலாம். இசையில்லாமல் சொல் முதலில் நெஞ்சுக்குள் போவதற்கு இது நல்ல வழி.

மூன்றாவது வாரம் கொயர் தனியாகப் பாடும். ஒரே குரலில். இதில் கொயரோடு எப்போதும் சண்டை வரும். மெட்டோடு சேர்ந்து வேறு குரல் பாடும் ஆல்டோவும் டெனாரும் வீட்டில் பழகிக்கொண்டு வந்திருப்பார்கள். நான்கு குரல் கேட்டால் சபைக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது. ஐந்தாவது வாரம் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிரம்ஸ் இருந்தால் அதற்கும் இதே விதி. கீபோர்டு வாசிப்பவர் வலது கையில் மெட்டைத் தெளிவாக, வேறு அலங்காரம் இல்லாமல் வாசிக்க வேண்டும். முன்னிசையாகப் பாட்டின் முதல் வரியையோ கடைசி வரியையோ அப்படியே வாசித்தால் போதும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சபை மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருப்பது பரிதாபம்.

நான்காவது வாரம்தான் சபை. தொடக்கப் பாட்டாக வைக்காதீர்கள், அப்போது பாதிப் பேர் உள்ளே நுழைந்துகொண்டிருப்பார்கள். முடிவுப் பாட்டாகவும் வேண்டாம், மனசு வாசலுக்குப் போயிருக்கும். பிரசங்கத்துக்குப் பிறகு, உட்கார்ந்தபடியே பாடும் இடம் நல்லது. முதல் சரணத்தைக் கொயர் பாட, இரண்டாவதிலிருந்து சபை சேரட்டும். படிக்கத் தெரியாதவர்களும் பார்வை குறைந்தவர்களும் இருந்தால் ஒருவர் வரியைச் சொல்ல மற்றவர்கள் பாடலாம். இது நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை. 1645ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனை வழிகாட்டியே, படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் வரிவரியாகப் படித்துப் பாடும்படி சொல்கிறது.

அறிமுகம் அரை நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. "இது புதுப் பாட்டு, கஷ்டமா இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். கஷ்டம் என்று நீங்களே சொன்ன பிறகு யார் முயற்சி செய்வார்கள்? பாட்டைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல்லுங்கள். பாதியில் நிறுத்தித் திருத்தவும் வேண்டாம். தப்பாகப் பாடினால் பாடட்டும். அடுத்த வாரம் கீபோர்டு அந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்தி வாசித்தால் தானாகச் சரியாகும்.

ஐந்தாவது, ஆறாவது வாரமும் அதே பாட்டுதான். "போன வாரம்தானே பாடினோம்" என்று ஒருவராவது சொல்வார். சொல்லட்டும், அவருக்குப் பாட்டு நினைவிருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரு மாதம் இடைவெளி விட்டுத் திரும்பக் கொடுங்கள். அப்போது எப்படிப் பாடுகிறார்கள் என்பதுதான் உண்மையான தேர்வு. இந்தக் கணக்கில் வருடத்துக்கு ஆறு பாட்டுக்கு மேல் போகாதீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761இல் பாடுவதற்கென்று சில விதிகள் எழுதினார். முதலில் இந்த மெட்டுகளைக் கற்றுக்கொள், அப்புறம் உனக்கு வேண்டிய அளவு கற்றுக்கொள் என்று தொடங்குகிறது அது. கத்தாதே, இழுத்துப் பாடாதே என்றும் சொல்கிறார். மூன்றுமே இன்றைக்கும் வேண்டியவை, கடைசியது ரொம்பவே.

எங்கே தேடுவது?

உங்கள் புத்தகத்தின் திறக்காத பக்கங்கள்தான் முதல் இடம். அப்புறம் சங்கீதங்கள், குறிப்பாக 13, 88, 130. பிறகு, வயதான பாட்டுகள். கி.பி. 386இல் மிலான் நகரில் அரசி யுஸ்தினாவின் நெருக்கடியால் அம்புரோஸ் ஆயரோடு சேர்ந்து சபையும் ஆலயத்துக்குள் இரவெல்லாம் விழித்திருந்தது. ஜனங்கள் துக்கத்தில் சோர்ந்துபோகாமலிருக்க, கிழக்குச் சபைகளின் முறையில் பாடக் கற்றுக்கொடுத்தார்கள் என்று அகஸ்டீன் எழுதுகிறார். அதாவது அவர்களுக்கும் அது தெரியாத பாட்டுதான், அதுவும் இக்கட்டின் நடுவில் கற்றுக்கொண்டது. அம்புரோஸ் எழுதியவை எட்டெட்டு அசையாக நான்கு வரி. அந்த 8.8.8.8 அளவு அப்படியே இன்றைக்கும் இருக்கிறது. 1551ஆம் ஆண்டு ஜெனீவா சங்கீதப் புத்தகத்திலிருந்து வந்த 'ஓல்டு ஹண்ட்ரெட்' மெட்டும் அதே அளவுதான். நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை இந்த அளவில் யாராவது செய்தால், பதினாறு நூற்றாண்டுக்கு முந்தைய பாட்டை நாளைக்கே பாடலாம்.

மாலை ஆராதனை நடத்துகிறவர்கள் 'ஃபோஸ் ஹிலாரோன்' என்ற கிரேக்கப் பாட்டின் மொழிபெயர்ப்பைத் தேடிப் பாருங்கள். விளக்கேற்றும் நேரத்தில் பாடுவது. நான்காம் நூற்றாண்டில் பசிலியு ஆயர் எழுதும்போதே அதைப் பழைய பாட்டு என்கிறார். நான்கைந்து வரிதான், இரண்டு வாரத்தில் மனப்பாடமாகும்.

எடுபடாத பாட்டு

ஆறு வாரமும் பாடி, இடைவெளியும் விட்டு, அப்புறமும் சபை முனகிக்கொண்டே பாடினால் விட்டுவிடுங்கள். நோட்டில் தேதி போட்டு, ஏன் எடுபடவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள்: உயரம் அதிகம், மெட்டு பொருந்தவில்லை, மூன்றாவது சரணம் புரியவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பாருங்கள்.

எங்கள் நோட்டில் அப்படி மூன்று பாட்டுகள் காத்திருக்கின்றன. நான் முதலில் கெடுத்த அந்தப் பாட்டு அதில் இல்லை. அதை இரண்டாம் தடவை ஒழுங்காக ஆறு வாரம் கொடுத்தோம், இப்போது அடக்க ஆராதனைகளுக்கு வீட்டாரே கேட்கிறார்கள். காத்திருக்கும் மூன்றில் ஒரு புலம்பலுக்கு மட்டும் போன மாதம் மெட்டு கிடைத்தது. இரண்டு இறக்கி, நான்காவது சரணத்தை எடுத்துவிட்டு, தவக்காலத்தின் முதல் வாரத்திலிருந்து கீபோர்டில் வாசிக்கப்போகிறோம்.